வாரேனுங்க என்று சொன்ன ஜீப்காரர்

கண்ணுகளா,

போன மாதம் தொண்டாமுத்தூரில் உங்கள் அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தோம் அல்லவா? கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பெரியவள், "போறேனுங்க அத்தை" என்றாள். அத்தையின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் அம்மணி, விசேஷ ஊட்டு வாசல்ல நின்னுட்டு போறேங்கறே? வாரேன்னு சொல்லோணும். உங்கப்பன் இதுகூடச் சொல்லிக் குடுக்கலியா?"

"அப்பாதானுங்க இப்படிச் சொல்லச் சொன்னது" என்றான் சின்னவன். என்னைக் காட்டிக்கொடுப்பதென்றால் அவனுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெரியவள் கேட்டாள். "ஊரே வாரேன்னுதான் சொல்லுது. நாம மட்டும் ஏன்ப்பா போறேன்னு சொல்றோம்?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாயால் சொல்ல எனக்கு வராது. பத்தாவது வரை படித்தவன், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன். அதற்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கும் பேரன் பேத்திகள் இருப்பார்கள்.

காரமடையில் கடை போடுவதற்கு முன்னால் நான் மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலையில் வேலை பார்த்தேன். கேரட் கழுவுகிற இடம் அது. ஓடையிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீர் இழுத்து, பெரிய பீப்பாய் மாதிரி சுற்றுகிற மெஷினில் கேரட்டைக் கொட்டிக் கழுவி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவார்கள். பம்பு மோட்டார் என் பொறுப்பு. நாங்கள் இருந்தது லயன் வீடு. ஒரே கூரையின் கீழ் எட்டு அறைகள், பஸ்ஸில் சீட்டு போட்ட மாதிரி வரிசையாக ஒட்டிக் கட்டியிருக்கும். எங்களுக்கு அடுத்த அறையில் சரசக்கா இருந்தார். கேரட் மூட்டை தைக்கிறவர். தனியாள்.

லயனிலிருந்து பஸ் வருகிற முக்குக்கு மூன்று கிலோமீட்டர், அதுவும் மண் பாதை. முக்கில் ஒருவர் ஜீப் வைத்திருந்தார். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஜீப்கார அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஜீப்பின் இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். ஆனால் மனிதர் எந்நேரமும் துவைத்த சட்டையில், நெற்றியில் திருநீறோடு இருப்பார். நம்ம காரமடைப் பக்கத்து ஆள். மலையில் பல ஊர்ப் பேச்சுக்கு நடுவே அவருடைய "ஏனுங்க தம்பி" காதில் விழுந்தால், ஊருக்கே போய்விட்டு வந்தது போல இருக்கும் எனக்கு.

அவரிடம் ஒரு பழக்கம். யார் என்ன கேட்டாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். முன்னால் கிடக்கிற மஞ்சள் துணியை எடுத்து சைடு கண்ணாடியைத் துடைப்பார். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் துடைத்து முடித்துவிட்டு, "பாத்துக்கலாமுங்க" என்பார். கேட்டவனுக்கு, அடடா, நமக்காக இவ்வளவு யோசிக்கிறாரே என்று மனசு குளிர்ந்துவிடும்.

அவர் "இல்லை" என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. கேஸ் சிலிண்டர் எடுத்து வர முடியுமா என்றால் பாத்துக்கலாமுங்க. கூரைத் தகரம் எட்டு ஏற்ற முடியுமா என்றால் அதுக்கென்னங்க. பாதி நாள் வரும், பாதி நாள் வராது. வராத நாளில் அடுத்த நாள் ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டோடு வந்து, "அட, தம்பிய காக்க வெச்சுப்போட்டனுங்களே" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் எங்கே கோபப்படுவது?

சரசக்கா சொல்வார்: "அந்த மனுசன் பள்ளிக்கூடத்துல அனா, ஆவன்னா படிச்சாரு. இனா சொல்லிக்குடுத்த அன்னைக்கு லீவு போட்டுட்டாராட்ட இருக்குது. அதான் இல்லைங்கறதே வாயில வர மாட்டேங்குது."

ஒரு முகூர்த்த நாளில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஜீப் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லியிருந்தார். ஒரு வீட்டுக்குப் போனார். இன்னொரு மாப்பிள்ளை பட்டுச் சட்டையோடு தூறலில் பாதை வளைவிலேயே நின்றுகொண்டிருந்தார். கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தே போனாராம். இதை நாங்கள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரே, "பாவமுங்க, நம்ம மனசு நோகக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டாரு" என்று அவருக்காகப் பேசினார். நானும் பேசியிருக்கிறேன். இல்லை என்று சொல்லத் தெரியாதவன் நல்லவன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. பெரியவளே, நீ பிறந்த அன்று உன் அம்மாவுக்கு மத்தியானம் வலி எடுத்தது. மழை, பனிமூட்டம், பத்தடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. போன் பண்ணினேன். "வாரேனுங்க தம்பி" என்றார். வந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முன்கண்ணாடி வழியாகப் பார்க்க முடியாமல் பக்கவாட்டில் தலையை நீட்டி ஓட்டினார். நடுவழியில் ஒரு மரம் விழுந்து கிடந்தது. அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கி, ஜீப் நுழைகிற அளவுக்குக் கிளைகளை வெட்டினார். கையெல்லாம் கீறல். உன் அம்மாவிடம் திரும்பி, "கண்ணு, பயப்படாதீங்க. கொளந்தைக்கு மலையச் சுத்திக்காட்டத்தான் இவ்வளவு மெதுவாப் போறேன்" என்றார். அந்த வலியிலும் உன் அம்மா சிரித்தாள்.

கைக்குழந்தையாக நீ போட்டிருந்த மஞ்சள் ஸ்வெட்டர் அவர் வாங்கிக் கொடுத்தது. உன் அம்மா அதைத் தூக்கியும் போடவில்லை, தம்பிக்குப் போடவும் இல்லை. பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது.

உனக்குப் பத்து மாதம் ஆகும்போது ஐப்பசி மழை பிடித்தது. லயனுக்குப் பின்னால் சரிவான மேடு. அதிலிருந்த மரங்களையெல்லாம் அதற்கு முந்தின வருடம் வெட்டிவிட்டு யாரோ பீன்ஸ் போட்டிருந்தார்கள். மழை தொடங்கி ஒரு வாரத்தில் எங்கள் வீட்டுக் கதவு சாத்த முடியாமல் இறுகிக்கொண்டது. சரசக்கா வீட்டுக் கதவும் அப்படித்தான். ஓடைத் தண்ணீர் டீ மாதிரி கலங்கி வந்தது.

ஜீப்கார அண்ணன் அன்று அரிசி மூட்டை இறக்க வந்திருந்தார். கதவைக் காட்டிக் கேட்டேன். "அண்ணா, இது சரியில்லாத மாதிரி இருக்குதுங்களே. நீங்க இந்த மலையில ரொம்ப வருசம் இருக்கீங்க. கீழ போயிடலாமுங்களா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "ஒண்ணும் ஆகாதுங்க தம்பி. மரம் மழைக்கு உப்பியிருக்கும். கொஞ்சம் இழைச்சுட்டாச் சரியாப் போயிரும். அப்படி ஏதாச்சும்னா நானில்லீங்களா?"

நான் இழைப்புளி கேட்டு வாங்கி வந்து கதவை இழைத்தேன். சரசக்கா கதவையும் இழைத்துக் கொடுத்தேன். கண்ணுகளா, கதவு உப்பவில்லை. நிலம் நகர்ந்து நிலைப்படியே கோணிப் போயிருந்தது. மலையிலோ மேட்டடியிலோ எங்கே இருந்தாலும் சரி, மழைக்காலத்தில் கதவு திடீரென்று இறுகினால், சுவரில் புதிதாக விரிசல் விட்டால், தெளிந்து ஓடின தண்ணீர் சேறாக வந்தால், நேராக நின்ற கம்பம் சாய்ந்தால், யாரையும் கேட்காதீர்கள். கிளம்புங்கள். எனக்கு இது அப்போது தெரியாது. தெரிந்தவர் என்று நினைத்தவரிடம் கேட்டேன், அவர் எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னார்.

அதற்கப்புறம் மூன்று நாள் விடாத மழை. வேலை நின்றது. மற்ற ஆறு அறைக்காரர்களும் கீழே ஊருக்குப் போய்விட்டார்கள். ஓடையிலிருந்து மோட்டாரை மேலே ஏற்றி வைக்க நான் தங்கினேன். எனக்காக உன் அம்மாவும் நீயும். போக இடமில்லாமல் சரசக்கா.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேல் இருக்கும். கிராம அலுவலக ஆள் ஒருவர் மழைக்கோட்டோடு நடந்தே வந்தார். "மேட்டுல விரிசல் விட்டிருக்குதுங்க. மத்தியானத்துக்குள்ள இங்க ஒருத்தரும் இருக்கப்படாது. மேல பள்ளிக்கூடத்துல இடம் போட்டிருக்கோம். வந்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த லயனுக்கு ஓடினார். பள்ளிக்கூடம் பாறை மேல் இருந்தது. ஒற்றையடிப் பாதையில் ஏறினால் அரைமணி நேரம். வழுக்கும். சரசக்காவுக்கு முழங்கால் வலி. உன் அம்மா கையில் நீ. ஜீப் வந்தால் சுற்றுப் பாதையில் பத்தே நிமிடம்.

நான் போன் பண்ணினேன்.

"அண்ணா, லயனைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கொளந்தையும் சரசக்காவும் இருக்காங்க. ஜீப்பு வருமுங்களா? வராதுன்னா சொல்லீருங்க, நாங்க நடந்துக்கறோம்."

அந்தப் பக்கம் ஜீப் என்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கிளம்பிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

"கொளந்தைய நனைய விட்றாதீங்க தம்பி" என்றார். பிறகு, "அப்ப நான் வாரேனுங்க" என்று வைத்துவிட்டார்.

நான் மூட்டையை எடுத்துக்கொண்டு எல்லோரையும் பாதை ஓரத்துப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு தகரக் கொட்டகை உண்டு. லயனிலிருந்து கூப்பிடு தூரம். சரசக்காவுக்கு நிற்கப் பிடிக்கவில்லை.

"தம்பி, நடந்துரலாம் வா. நான் உக்காந்து உக்காந்தாச்சும் ஏறிக்கறேன்."

"அண்ணன் வாரேன்னு சொல்லிட்டாருக்கா."

"அவரு அந்த மாப்பிள்ளைகிட்டயும்தான் சொன்னாரு."

"இதும் அதும் ஒண்ணாக்கா? கைக்கொளந்தை இருக்குதுன்னு சொல்லியிருக்கேன். இவ பொறந்தப்ப மரத்தையே வெட்டிட்டு வந்தவரு."

சரசக்கா மூட்டை மேல் உட்கார்ந்தார். அந்த வார்த்தையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து உட்கார வைத்தவன் நான்தான். இதை எழுதாமல் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஒரு மணி நேரம் போனது. மறுபடி போன் பண்ணினேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டிக்கொண்டிருப்பார், எடுக்க முடியாது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம். சாரல் அடித்து உன் துணியெல்லாம் நனைந்துவிட்டது. நீ நடுங்கி அழுதாய்.

"அடுப்பு மேல கொடியில ரெண்டு துணி காயப் போட்டிருக்கேன்" என்று சரசக்கா எழுந்தார். "ஜீப்பு வர்றதுக்குள்ள எடுத்துட்டு வாரேன்."

நான் போகிறேன் என்றேன். "உனக்கு எந்தக் கொடின்னு தெரியாது, அங்க போய் நின்னு முழிப்பே" என்று சிரித்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போனார்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. முதலில் காலுக்கடியில் நிலம் அதிர்ந்தது, பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடுகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். பீன்ஸ் பந்தல் நட்டது நட்டபடியே கீழே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் குச்சிகள்கூடச் சாயவில்லை. அப்புறம் லயன் இருந்த இடத்தில் லயன் இல்லை.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன். பெரியவளே, நீ பத்து மாதக் குழந்தை. குளிருக்கு அழுதாய். குழந்தை அழத்தான் செய்யும். இதைப் படித்துவிட்டு நீ எதையும் உன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. பள்ளியில் சேர்க்கும்போது உன் பெயரோடு சரசக்காவின் பெயரை ஏன் சேர்த்தோம் என்று இனிமேல் கேட்க மாட்டாய்.

நாங்கள் நடந்தே பள்ளிக்கூடம் ஏறினோம். அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பாதை திறந்தபோது, கீழே செக்போஸ்டில் இருந்தவரிடம், "ஜீப்கார அண்ணனைப் பாத்தீங்களா? அவருக்கு வழியில ஏதாச்சும் ஆயிருச்சோ?" என்று கேட்டேன். உண்மையாகவே அவரும் மண்ணில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்து இரண்டு நாளும் உன் அம்மா அழுதிருந்தாள்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவரு அன்னைக்கே எறங்கிட்டாருங்களே. பத்தரை மணிக்கெல்லாம் இங்க தாண்டிப் போனாரு. சம்சாரம், கட்டிலு, மிக்சி எல்லாம் ஏத்திட்டு. மலையில இனி இருக்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போனாருங்க. இங்க நிக்கறப்பத்தான் யார்கிட்டயோ போன்ல பேசிட்டிருந்தாரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் போனில் கேட்ட என்ஜின் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்த என்ஜின் இல்லை. "அப்ப நான் வாரேனுங்க" என்று அவர் சொன்னது, நம்ம ஊரில் விருந்து சாப்பிட்டுவிட்டு வாசலில் நின்று சொல்கிற வாரேன். போகிறவன் சொல்கிற வாரேன். நான் அதைக் காத்திருக்கிறவன் காதால் கேட்டுவிட்டேன். வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் தெளிவாகக் கேட்டிருப்பேனோ என்னவோ.

நெடுநாள் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தெரியாமல் வாய் தவறிச் சொல்லியிருப்பாரோ? பயந்து ஓடினதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த மழையில் மேலே ஏற யாருக்கும் பயம் வரும். சொந்தப் பெண்டாட்டியைக் காப்பாற்றியதையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் வராதுன்னா சொல்லீருங்க என்று நான் கேட்டேனே.

இரண்டு வருடத்துக்கு முன்னால் செம்புக் கம்பி வாங்க உக்கடம் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி வண்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே துவைத்த சட்டை, திருநீறு.

"ஏனுங்க தம்பி! நல்லா இருக்கீங்களா? கொளந்தை பெருசாயிருக்குமே?"

கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை உதறத்தான் நினைத்தேன். உதறவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தானே.

"அண்ணா, அன்னைக்கு வாரேன்னு சொன்னீங்களே" என்றேன்.

கண்ணாடி துடைக்க ஜீப் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். முன்பக்கம், பின்பக்கம், ஓரம்.

"நான் வாரேன்னு சொல்லிட்டுத்தானுங்க தம்பி கெளம்புனேன். சொல்லாமயா போனேன்?"

"வர மாட்டேன்னு ஒரே வார்த்தை சொல்லியிருந்தா நாங்க நடந்திருப்போம். சரசக்கா இன்னைக்கு இருந்திருப்பாங்க."

அவர் கண் கலங்கியது. நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். "அதெப்படீங்க தம்பி? கைக்கொளந்தைய வெச்சுட்டு அவ்வளவு நம்பிக் கேக்கறீங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைன்னு எப்படீங்க சொல்றது?"

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். என் மனசு நோகக் கூடாது என்று.

பஸ் என்ஜினைப் போட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரிங்க தம்பி. அப்ப நான் வாரேனுங்க."

அதற்கு நாம் சொல்ல வேண்டிய பதில் உங்களுக்குத் தெரியும். போயிட்டு வாங்க. அதைக் கேட்காமல் நம்ம பக்கத்தில் யாரும் படி இறங்க மாட்டார்கள். அவரும் அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்து நின்றார்.

"போங்கண்ணா" என்றேன்.

அவர் நகரவில்லை. இன்னொரு வார்த்தைக்காக நின்றுகொண்டே இருந்தார். நான் சொல்லவில்லை. பஸ் மெதுவாகப் பின்னால் எடுத்துத் திரும்பியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார். "ஏனுங்க பெரியவரே, வர்றீங்களா, இல்லீங்களா? ஒண்ணு சொல்லுங்க."

அவர் என்னை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "வாரேனுங்க" என்றார்.

ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அந்த வார்த்தையை நம்பி, கண்டக்டர் விசில் ஊதாமல் பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தார்.